பேஸ் கிற்றார் கம்பி வாங்கப் போறீங்களா, முதல்ல ஒரு பெருக்கல் கணக்கு

"அண்ணா, 100 நல்லமா 105 நல்லமா?" எண்டுதான் எல்லாரும் கேக்கிறாங்கள். திருகோணமலை உப்புவெளியில ஹொட்டல்ல வெள்ளைக்காரருக்கு வாசிக்கிற பெடியன் கேக்கிறான், சேர்ச்ல ஞாயிற்றுக்கிழமை பேஸ் பிடிக்கிற தங்கச்சி கேக்கிறா, திருவிழா நேரம் இசைக்குழுவோட மேடை மேடையா நிண்டு விடிய விடிய வாசிக்கிற என்னை விட வயசு கூடின ஆக்களும் கேக்கினம். நான் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், "நடு ரெண்டு கம்பியும் என்ன நம்பர்?" அதுக்கு ஒருத்தரிட்டயும் பதில் இல்ல. பக்கெற் முன்பக்கத்தில 45-105 எண்டு பெருசா போட்டிருப்பான், அது ஆக மெல்லிசான ஜி கம்பியும் ஆகத் தடிச்ச ஈ கம்பியும் மட்டும்தான், நடுவில டி, ஏ ரெண்டும் என்ன தடிப்பு எண்டது பின்பக்கம் பொடி எழுத்தில கிடக்கும், விரல் கனக்க நேரம் மல்லுக்கட்டுறது அந்த நடு ரெண்டோடதான்.

இந்த 45, 65, 105 எல்லாம் அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்குக் கணக்கு. 105 எண்டா 0.105 அங்குலம், கிட்டத்தட்ட 2.7 மில்லிமீற்றர். இது கம்பின்ர தடிப்பு மட்டும்தான். எவ்வளவு இறுக்கமா நிக்கும் எண்டது இதில எழுதியில்ல. இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது மூண்டு சாமான்: கம்பி ஒரு அங்குல நீளத்துக்கு எவ்வளவு பாரம், நட்ல (தலைப்பக்கம் கம்பி தாங்கிற பள்ளக்கட்டை) இருந்து பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பி தாங்கிற இடம்) வரைக்கும் எவ்வளவு நீளம், எந்தச் சுருதிக்கு இழுத்துக் கட்டியிருக்கு. பாரம் கூடினா இழுவை அதே அளவுக்குக் கூடும், நீளமும் சுருதியும் கூடினா வர்க்கக் கணக்கில கூடும். பள்ளிக்கூடத்தில சுரமானிப் பெட்டி வச்சுப் படிச்ச அதே சூத்திரம்தான், அப்ப பரீட்சைக்குப் பாடமாக்கினது இப்ப கைக்கு உதவுது.

சூத்திரத்தை அப்பிடியே போட வேணுமெண்டா கம்பின்ர பாரம் தெரிய வேணும், அது எல்லாக் கம்பனியும் சொல்லுறேல்ல. டடாரியோ மாதிரிச் சில கம்பனிக்காரர் தங்கட கம்பிக்கு இழுவையைப் பவுண்ட்ல போட்டு வச்சிருக்காங்கள், பேஸ்ல ஒரு கம்பிக்கு ஏறத்தாழ 35ல இருந்து 50 பவுண்ட் வரைக்கும் வரும். அது கிடைக்காத நேரத்துக்கு நான் பாவிக்கிற குறுக்குவழி இது: கம்பி நம்பரை அதின்ர ஹேர்ட்ஸால (ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு எண்ட கணக்கு) பெருக்குங்க. சாதாரண டியூனிங்ல ஈ 41.2, ஏ 55, டி 73.4, ஜி 98. போன்ல கல்குலேட்டர் இருந்தாக் காணும்.

எல்லா இடமும் விக்கிற 45-65-80-100 செட்டை எடுங்க. ஜி 45 தர 98 எண்டா 4410. டி 65க்கு 4770 சொச்சம். ஏ 80க்கு 4400. ஈ 100க்கு 4120. வடிவாப் பாருங்க, ஈ தான் ஆகக் குறைவு, டி தான் ஆகக் கூட. இதை வர்க்கமாக்கினாத்தான் இழுவை வரும், அப்பிடிப் பாத்தா டி கம்பி ஈ கம்பியை விட மூண்டில ஒரு பங்கு கூடுதலா இறுகி நிக்குது! அதுதான் ஈ கம்பி லொளலொள எண்டு ஆடி, நெக்ல குறுக்கால பதிச்சிருக்கிற ஃபிரெட்ல அடிபடுது, டி கம்பி மட்டும் விரலைத் தள்ளிவிடுது. "என்ர பேஸ்ல ஈ கம்பி சரியில்ல அண்ணா, நெக் பிழையோ" எண்டு வாறவங்களில கனபேருக்கு நெக்ல ஒரு பிழையும் இல்ல, செட்டே அப்பிடித்தான் செஞ்சு விக்கிறாங்கள்.

இப்ப 45-65-85-105 போட்டா என்ன நடக்கும், ஈ 4326க்கு ஏறுது, ஏ 4675, டி அதே 4770. ஈ கொஞ்சம் திருந்தியிருக்கு, ஆனா ஏயும் சேந்து ஏறிப்போச்சு. அதால 100ல இருந்து 105க்கு மாறினவன் "சரியான இறுக்கம் அண்ணா, கை நோகுது" எண்டு சொல்லுறதுக்குக் காரணம் அந்த 105 இல்ல, கூடவே வந்த 85. இது விளங்கினா அரைவாசிப் பிரச்சினை முடிஞ்சுது.

டடாரியோக்காரன் இதுக்கெண்டே சமனான இழுவை எண்டு ஒரு செட் விடுறான், 45-60-80-107. பெருக்கிப் பாருங்க: 4410, 4404, 4400, 4408. நாலும் ஒண்டு. முதல் தரம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்த நேரம் எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, உந்த விசித்திரமான 107 எங்க இருந்து வந்தது எண்டு அப்பதான் பிடிபட்டுது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பெருக்கல் ஒரே கம்பனி, ஒரே வகைக் கம்பிக்குள்ள ஒப்பிடத்தான் சரி. சுத்தின கம்பிக்கு இடையில காத்து இடைவெளி இருக்கு, அது வகைக்கு வகை மாறும், ஃப்ளாட்வவுண்ட்ல தட்டையான பட்டி நெருங்கிச் சுத்தியிருக்கிறதால அதே தடிப்புக்குப் பாரம் வேற, நைலோன் சுத்தின கறுப்புக் கம்பி எண்டா தடிப்பு மட்டும்தான், பாரம் இல்ல. அதால ரவுண்ட்ஸை (உருண்டைக் கம்பி சுத்தினது) ரவுண்ட்ஸோட, ஃப்ளாட்ஸை (அந்தத் தட்டைப் பட்டி சுத்தினது) ஃப்ளாட்ஸோட மட்டும் பாருங்க.

சரி, இழுவை தெரிஞ்சாப்போல கைக்கு எப்பிடி இருக்கும் எண்டு சொல்ல ஏலுமா? இல்ல. இங்கதான் விசயம் சுவாரசியம். கடற்கரையில நிக்கிற ஆரிட்டயும் தடிச்ச தங்கூசும் அதே பாரம் தாங்கிற பின்னல் நூலும் வாங்கி, ரெண்டிலயும் ஒரே ஈயத்தைக் கட்டித் தொங்க விடுங்க. ரெண்டிலயும் இழுவை ஒண்டுதான், ஆனா விரலால வளைச்சா ஒண்டு முரண்டு பிடிக்கும், மற்றது சொன்ன சொல் கேக்கும். பேஸ் கம்பிக்கும் அதேதான். உள்ளுக்குள்ள ஓடுற நடுக்கம்பி தடிப்பா மெலிசா, அறுகோணமா உருண்டையா எண்டது வெளியில தெரியாது, ஆனா விரலுக்கு முதல் தெரியிறது அதுதான். மெல்லமாத் தட்டினா இழுவை மட்டும்தான் எதிர்க்கும். அழுத்தி இழுக்க இழுக்கக் கம்பி நீளப் பாக்கும், அந்த நேரம் நடுக்கம்பி தடிப்பெண்டா அதுவும் சேந்து எதிர்க்கும். பலமா வாசிக்கிறவனுக்கும் மெல்லமா வாசிக்கிறவனுக்கும் ஒரே செட் வேற வேற மாதிரித் தெரியிறதுக்கு இது ஒரு காரணம்.

தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் எண்டு ஒஸ்ரியாவில செய்யிற கம்பி, 43-56-70-100, விரலுக்கு அவ்வளவு இளக்கம். கொழும்பில இருந்து வந்த ஒருத்தற்ற பேஸ்ல ஒருக்கா வாசிச்சுப் பாத்தன், ஃப்ளாட்ஸ் எண்டாலே இரும்புக் கம்பி மாதிரி விறைப்பு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிற ஆக்கள் ஒருக்காத் தொட்டுப் பாக்கோணும். அதின்ர மற்றப் பக்கம் லபெல்லா கம்பனின்ர ஃப்ளாட்ஸ், 52-73-95-110. பெருக்கினா 5000க்கு மேல போகுது, ஈ மட்டும்தான் 4500 சொச்சம். மோட்டவுன் எண்ட அமெரிக்க இசைத்தட்டுக் கம்பனின்ர பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ்ல தடிச்ச லபெல்லா ஃப்ளாட்ஸ் போட்டு, கம்பியை நல்லா உயர்த்தி வச்சு, வலது கையில ஒரே ஒரு விரலால வாசிச்சவர், அறுந்தாலொழியக் கம்பி மாத்தாத ஆளெண்டு சொல்லுவாங்கள். அந்த மனிசன் வாசிச்ச வேகத்தைக் கேட்டுப்போட்டு "இறுக்கமான கம்பியில வேகமா வாசிக்கேலாது" எண்டு இனி ஆரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஏலும், அதுக்கு அவற்ற விரல் வேணும், அவ்வளவுதான்.

கம்பியை மாத்தாமலே கையில வாற உணர்வை மாத்துற விசயங்களும் கனக்க இருக்கு, காசு செலவழிக்க முதல் அதைப் பாக்கிறது புத்தி. பிரிட்ஜ் பக்கம் கையைக் கொண்டுபோனா அதே கம்பி விறைப்பா இருக்கும், நெக் பக்கம் வந்தா இளகும். கம்பி ஃபிரெட்ல இருந்து உயரமா நிண்டா, கீழ அமத்திற ஒவ்வொரு தரமும் கம்பியை இழுக்கிற மாதிரித்தான், அதால இறுக்கமெண்டு தோணும். இதில ஒரு சுத்து இருக்கு, தடிச்ச செட் போட்டா மொத்த இழுவை கூடுது, நெக் முன்னுக்கு வளையுது, வளைஞ்சாக் கம்பி உயருது, உயர்ந்தா இன்னும் இறுக்கமாத் தெரியுது, பிறகு கம்பிக்குப் பேச்சு. நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ரொட் எண்ட இரும்புத் தண்டைக் கால் சுத்து இறுக்கி ஒரு நாள் விட்டுப் பாத்திட்டுத்தான் கம்பியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லோணும். நட்டும் அப்பிடித்தான், 100க்கு வெட்டின பள்ளத்தில 110 இறங்காது, மேலயே குந்திக்கொண்டு நிக்கும், முதலாவது ஃபிரெட்டில எல்லா நோட்டும் சுருதி கூடிக் கேக்கும்.

எங்கட ஊரில நெக் சும்மாவே அசையும். மாரி மழைக்கு ஒரு வளைவு, ஆனி ஆடியில கச்சான் காத்து வறட்டி எடுக்கேக்க இன்னொரு வளைவு. புதுச் செட் போட்ட கிழமையே காலநிலையும் மாறினா எது எதால எண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது.

நீளக் கணக்கு. கூடுதலான பேஸ் 34 அங்குலம், 1951ல ஃபெண்டர் பிரெசிஷன் பேஸ் வந்த நேரத்தில இருந்து அதுதான் வழமை. சின்ன ஆக்களுக்கும் கை சின்ன ஆக்களுக்கும் 30 அங்குலம் எடுப்பாங்கள், போல் மக்கார்ட்னி வச்சிருந்த வயலின் வடிவ ஹோஃப்னரும் அந்தக் குட்டி நீளம்தான். 34க்குப் போட்ட அதே கம்பியை 30ல போட்டா இழுவை 22 வீதம் குறையும். அதால குட்டி பேஸுக்கு "சின்னப் பிள்ளைதானே, மெல்லிசாப் போடுவம்" எண்டு ஜி 40ல தொடங்கிற 40 செட் போடுறது பிழையான யோசனை, தடிச்சது போட்டாத்தான் கம்பி நிண்டு பேசும். குட்டி பேஸுக்கெண்டே செஞ்ச செட்டாவும் இருக்கோணும், நீளக் கம்பியை வாங்கிப் போட்டா சுத்தின தடிச்ச பகுதி, சுருதி கூட்டிக் குறைக்கிற ஆணியைச் சுத்தி வளையவேண்டி வரும், அது அங்கயே விட்டுப்போகும்.

சுருதி. இதில எனக்குக் கீபோர்ட் ஆக்களோட ஒரு நெடுநாள் கோபம். பாடுற அக்காக்கு எட்டேல்ல எண்டவுடன கீபோர்ட்காரர் சுருதி மாத்துற ட்ரான்ஸ்போஸ் பட்டனை ஒருக்கா அமத்துவார், முடிஞ்சுது அவற்ற வேலை. பேஸ்காரன் ஈ ஃப்ளாட்டில (ஈக்கு அரைச் சுருதி கீழ) திறந்த கம்பி இல்லாமல் தவிக்கோணும், இல்லையெண்டா முழுக் கம்பியையும் அரைச் சுருதி இறக்கோணும். அரைச் சுருதி இறக்கினா இழுவை 11 வீதம் போகுது, முழுச் சுருதி இறக்கினா 20 வீதத்துக்கும் கொஞ்சம் மேல. உங்கட குழு நிரந்தரமா அரைச் சுருதி இறக்கித்தான் வாசிக்குது எண்டா, 110 ஈ கம்பி போடுங்க. அரைச் சுருதி இறக்கின ஈக்கு 38.9 ஹேர்ட்ஸ், 110ஐ அதால பெருக்கினா 4279, சாதாரண டியூனிங்ல 105 குடுக்கிற 4326க்குக் கிட்ட வந்திட்டுது. ஒரு பாட்டுக்கு இறக்கி அடுத்த பாட்டுக்கு ஏத்திற ஆளெண்டா ஒண்டும் செய்யேலாது, மெல்லமா வாசியுங்க.

இனி உப்பு. டச்பே கடற்கரையில காத்து வாங்க இருக்கிற ஆக்களுக்கு நல்லம், கம்பிக்கு இல்ல. நிலாவெளியில கடலுக்கு முன்னால மேடை போட்டு வாசிச்சிட்டு அப்பிடியே பெட்டிக்குள்ள வச்சா, சாதாரண நிக்கல் பூசின உருக்குக் கம்பியில பூச்சுத் தேஞ்ச இடங்களில, அதாவது ஃபிரெட்ல படுற இடங்களில, மண்ணிறப் புள்ளி வரத் தொடங்கும். கொழும்பில மாசக்கணக்கா மினுங்குற கம்பி இங்க அவ்வளவு தாக்குப் பிடிக்காது. ஸ்ரெய்ன்லஸ் ஸ்டீல் கம்பி, ரோட்டோசவுண்ட் ஸ்விங் பேஸ் மாதிரி, துருவுக்கு நல்லாத் தாங்கும், சத்தமும் பளீரெண்டு இருக்கும், ஆனா விரலுக்கு அரத்தைத் தேய்க்கிற உணர்வு, ஃபிரெட்டையும் தின்னும். எலிக்சர் மாதிரிப் பூச்சுப் போட்டது எங்கட காத்துக்கு நல்லம், சிலபேருக்கு அந்த வழுக்கல் பிடிக்காது, விலையும் வலிக்கும். 2022ல டொலர் 200 ரூவாயில இருந்து 360 வரைக்கும் பாய்ஞ்சாப்பிறகு ஒரு செட் கம்பி எண்டது யோசிச்சு வாங்கிற சாமானாப் போச்சு, அதால எவ்வளவு நாள் நிக்கும் எண்ட கேள்வியையும் இழுவையோட சேத்துத்தான் கணக்குப் பாக்கோணும்.

என்ர தீர்ப்பு எண்டா, திருகோணமலையில வாசிக்கிற பேஸ்காரருக்கு ஃப்ளாட்ஸ் ஒரு நல்ல முடிவு. ரவுண்ட்ஸ்ல சத்தம் மங்கினா செட்டே போச்சு எண்டு தோணும். ஃப்ளாட்ஸ் தொடக்கத்திலயே மங்கல்தான், இழக்கிறதுக்குப் பெருசா ஒண்டும் இல்ல, சொரசொரப்பான இடுக்கு இல்லாததால ஊத்தையும் வேர்வையும் உள்ளுக்குப் போறது குறைவு. ரவுண்ட்ஸ் அவிச்சு எடுக்கிற பழக்கம் எங்களிட்ட இருக்குதானே, சுடுதண்ணியில போட்டு எடுத்தா இடுக்கில இருந்த அழுக்குக் கழண்டு கொஞ்ச நாளைக்கு உயிர் வரும், துரு பிடிச்சது பிடிச்சதுதான், அது திரும்பாது. தண்ணியை விட மெதிலேற்றட் ஸ்பிரிட்ல ஊறப்போடுறது நல்லம், உள்ளுக்கு ஈரம் தங்காது, அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாட்டிச் சரி.

ஆனா எல்லாப் பாட்டுக்கும் ஃப்ளாட்ஸ் பொருந்தாது எண்டதையும் சொல்லத்தான் வேணும். பைலாவுக்குக் கம்பி கொஞ்சம் துள்ளோணும், ஒவ்வொரு நோட்டும் கட்டையா வந்து நிக்கோணும், அதுக்கு இறுக்கமான ஃப்ளாட்ஸ் பிச்சு உதறும், பிரிட்ஜுக்குப் பக்கத்தில ஒரு ஸ்பொஞ்சுத் துண்டைச் செருகினா இன்னும் நல்லம். இளையராஜா பாட்டெண்டா பேஸ் தனிப் பாட்டாப் பாடிக்கொண்டு மேல மேல ஏறும், அங்க ஜி கம்பியும் டி கம்பியும்தான் ராசா, டி விறைச்சா நீங்கள் முடிஞ்சியள், அதுக்கு 65ஐக் கழட்டி 60 போடுறது நான் ஆருக்கும் முதல்ல சொல்லுற வைத்தியம். ரஹ்மான் பாட்டுகளில கீத் பீற்றர்ஸ் வாசிக்கிற மாதிரி வழுக்கிப் போக ஆசைப்பட்டு ஃபிரெட் இல்லாத பேஸ் எடுத்தவங்கள் ரவுண்ட்ஸ் போட்டு விரற்பலகையை அரிச்சுப்போட்டு அழ வேண்டாம், ஃப்ளாட்ஸ் போடுங்க. ஃபிரெட் இல்லாத பேஸுக்குப் பேர்போன ஜாக்கோ பஸ்தோரியஸ் ரவுண்ட்ஸ் போட்டவர்தான், அவர் பலகைக்கு எப்பொக்சி பூசிப்போட்டுப் போட்டவர். பெருவிரலால கம்பியை அறைஞ்சு ஸ்லாப் அடிக்கிற பெடியளுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல, நீங்கள் 40 செட் ரவுண்ட்ஸ் வாங்குங்க, சந்தோசமா இருங்க.

வாங்கிற விதம். இங்க கடையில இருக்கிறது ஒண்டோ ரெண்டோ வகை, மிச்சம் கொழும்பில இருந்து ஆரும் வரேக்க கொண்டுவாறது, இல்லாட்டி பஸ்ஸில போட்டுவிடச் சொல்லுறது. கடைக்கு அடிச்சு "பேஸ் கம்பி இருக்கா" எண்டு கேட்டா "ஓம் இருக்கு" எண்டுதான் பதில் வரும். "பக்கெற்றைத் திருப்பி நாலு நம்பரையும் வாசியுங்கோ" எண்டு கேளுங்க, கூடவே லோங் ஸ்கேலா (34 அங்குலம்) ஷோர்ட் ஸ்கேலா (30 அங்குலம்), நிக்கலா ஸ்ரீலா எண்டும். படம் எடுத்து வட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னா இன்னும் நல்லம். நம்பர் வந்தவுடன பெருக்குங்க, இப்ப உங்கட பேஸ்ல கிடக்கிற செட்டையும் பெருக்குங்க, ரெண்டையும் பக்கத்தில வையுங்க. எந்தக் கம்பி இப்ப உங்களுக்கு இளக்கம், எந்தக் கம்பி விறைப்பு எண்டு கைக்குத் தெரியுந்தானே, அந்தக் கம்பின்ர எண் ஏறுதா இறங்குதா எண்டு மட்டும் பாருங்க. இணையத்தில எவனோ "105தான் ஆம்பிளைக் கம்பி" எண்டு எழுதினதை வாசிச்சுப்போட்டு வாங்கிறதை விட இது திறம்.

ஃப்ளாட்ஸ் போடுறவங்களுக்கு ஒண்டு. ஆணியைத் தாண்டி ரெண்டு அங்குலம் விட்டு, வெட்டப் போற இடத்துக்கு முன்னால குறட்டால தொண்ணூறு பாகைக்கு நல்லா மடிச்சுப்போட்டுத்தான் வெட்டோணும். உருண்டை நடுக்கம்பி உள்ள வகையெண்டா மடிக்காமல் வெட்டினவுடன வெளிச்சுத்து வழுக்கித் தளர்ந்திடும், புதுக் கம்பி செத்த கம்பியாத்தான் சத்தம் போடும், கடைக்காரன் மாத்தித் தரவும் மாட்டான்.